எதிர்ப்பக்கம்

மன்னார்குடி பைபாஸில் நாலு மாடி ஸ்கேன் சென்டர்.
இன்னும் கட்டவில்லை. அஸ்திவாரக் குழியில் தவளைகள்.
வெள்ளிக்கிழமைக்குள் படம் வேண்டும் என்றார்
டாக்டர் தையல்நாயகி.
பேங்க் மேனேஜர் பார்க்கணும்,
கட்டி முடிச்ச மாதிரியே இருக்கட்டும்.

முகப்பு முழுக்கக் கண்ணாடி.
கண்ணாடிக்கென்று நிறம் கிடையாது,
எதிரே நிற்பதுதான் அதன் நிறம்.
முதல் படத்தில் எதிரே நான் வைத்தது
இலவசமாகக் கிடைத்த ஒரு வானம்,
ஏதோ குளிர்தேசத்து மத்தியானம்.
இரண்டாம் மாடியில் டிராம் கம்பிகள் ஓடின.
இலை உதிர்த்த மரங்கள்
கோட்டு போட்ட மனிதர்களோடு
மன்னார்குடிக்கு வந்து நின்றன.

டாக்டர் ஒரு நிமிஷம் பார்த்தார்,
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற கண்ணோடு.
"எல்லாம் சரி தம்பி. ஆனா பொய்யா இருக்கு.
எங்கேன்னு சொல்லத் தெரியலை."

எனக்குத் தெரிந்தது.
மறுநாள் காலை ஆறரைக்கு
மனைக்கு முதுகைக் காட்டி நின்று
எதிர்ப்பக்கம் முழுவதையும் படமெடுத்தேன்.
டிரான்ஸ்பார்மர். அதில் ஏறிய கோவைக்கொடி.
பாதி கிழிந்த காதணி விழா பேனர்,
குழந்தையின் ஒரு காது மட்டும் மிச்சம்.
ஷட்டர் இறங்கிய பரோட்டா கடை.
அதற்குப் பின்னால்
சம்பா நட்டுப் பத்து நாளான வயல்,
பயிரைவிடத் தண்ணீர் அதிகம் தெரிகிற நாட்கள்.
பாத்தி பாத்தியாக வானம்.
ஒரு கொக்கு காலை எடுத்து வைக்க
மேகம் கலங்கி, மறுபடி சேர்ந்தது.
என் கம்ப்யூட்டருக்கு இதற்கு ஒரு ராத்திரி ஆகும்.

கண்ணாடியின் விளிம்பில் மட்டும் கொஞ்சம் பச்சை விட்டேன்.
நேரே பார்த்தால் உள்ளே தெரியும்;
பக்கவாட்டில் சாயச்சாய
உள்ளதை மறைத்துக்கொண்டு ஊரைக் காட்டும்.
அதனால் உள்ளே வெறுமையாக விட முடியாது.
வரிசை நாற்காலிகள், டோக்கன் போர்டு,
பாதி இறங்கிய திரை, ஒரு தண்ணீர் கேன்.
இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.
இல்லையென்றால் கவனிப்பார்கள்.

முப்பத்தாறு பலகைகள்.
ஒவ்வொன்றையும் கால் டிகிரி, அரை டிகிரி கோணலாக்கினேன்.
சம்பந்தம் அலுமினியம் ஆட்கள்
எப்படி மாட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா.
மின்கம்பி ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்குப் போகையில்
சட்டென்று படி இறங்கியது.
உடைந்த பிறகுதான் நம்பும்படி ஆனது.

எண்பத்திரண்டு சதவீதத்தில் கரண்ட் போனது.
யுபிஎஸ் கொஞ்சம் கத்திவிட்டு அடங்கியது.
செல்போன் வெளிச்சத்தில், கறுத்த திரையில்
நான்:
பனியனோடு, வாயைத் திறந்தபடி.

அப்போதுதான் உறைத்தது.
படத்தில் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது,
வயல் இருக்கிறது, கொக்குகூட இருக்கிறது,
பார்க்கிறவன் இல்லை.
கேமராவுக்கு உடம்பு கிடையாது.
ஒன்பது வருஷமாக எத்தனையோ கண்ணாடிகளுக்கு எதிரே
போய் நின்றிருக்கிறேன், நிழல் விழாமல்,
பேய் மாதிரி.

கரண்ட் வந்தது. முதலிலிருந்து தொடங்கினேன்.
வாசல் கதவுக்கு நேரே ஓர் ஆள்,
கண்ணாடிக்குள் மட்டும் தெரிகிறவன்.
அக்குளில் பெரிய பழுப்புக் கவர்.
உள்ளே போகுமுன் தலையைக் கோதிக்கொள்கிறான்,
ரிசல்ட் அதைப் பார்த்துத்தான் வரும் என்பதுபோல.

வெள்ளிக்கிழமை.
"டிரான்ஸ்பார்மரை எடுத்துடுங்க. பேனரையும்."
எடுத்தேன்.
கொக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
வாசலில் விரலை வைத்தார். "இது யாரு?"
"பேஷண்ட், மேடம்."
பெரிதாக்கிப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு
இன்னொரு தடவை பார்த்தார்.
"இருக்கட்டும்" என்றார்.
"வெறும் வயித்தோட வரச் சொன்னீங்களா?"